சென்னை–லண்டன் தூரமும் பரங்கிமலைச் சங்கிலியும்



போன வாரம் லண்டன் சென்ற பழைய மாணவன் ஒருவன், விமானத்தில் இருக்கைக்கு எதிரே இருந்த திரையைப் படம் பிடித்து அனுப்பினான். "சார், நேராகப் போகாமல் ஏன் வடக்கே வளைந்து போகிறது? நேரம் வீண்தானே?" என்று கேட்டிருந்தான். வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இப்போதாவது கேட்டானே!

தம்பி, வளைந்திருப்பது பூமி. ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து, நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பார். நூல் போவதுதான் மிகக் குறுகிய வழி. அதைத் தட்டையான வரைபடத்தில் வரைந்தால் வில் போலத் தெரியும். அந்த வழியில் சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 9 மணி நேரம் போதும். ஆனால் ஏறி இறங்கும் நேரம், சில நாடுகளின் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றுவது, மேற்கிலிருந்து வரும் எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து 10, 11 மணி நேரமாகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடலாம்.

இந்தத் தூரத்தைக் கணக்கிட, பூமியின் அளவும் வடிவமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்கான பெரிய முயற்சி ஒன்று நம் பக்கத்தில்தான் தொடங்கியது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கி.மீ. கருவி, 100 அடி எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய 400 முறை நீட்டி வைக்க வேண்டும். வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானியையும் பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்கள் கணக்கில் வந்துவிடும். இப்படி முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்தார்கள். 1823-ல் லாம்டன் வழியிலேயே இறந்தார். பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட், இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோய் முடித்தார். இந்திய அளவீடுகளையும் சேர்த்து 1830-ல் எவரெஸ்ட் கணக்கிட்டபடி, நிலநடுக்கோட்டில் பூமியின் ஆரம் சுமார் 6,377 கி.மீ. இன்று செயற்கைக்கோள் காலத்தில் நாம் கொள்வது 6,378. ஒரு கிலோமீட்டர்கூட முழுதாகத் தவறவில்லை!

பரங்கிமலையில் லாம்டனுக்குச் சிலை இருக்கிறது. சித்திரை வெயிலில் சங்கிலியையும் முக்காலிகளையும் சுமந்த கூலியாட்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

எனக்கும் ஒரு குறை உண்டு. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சில நிலையங்கள்தான். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் உங்களை ஒருநாள்கூட அந்த மலைக்கு அழைத்துப் போகவில்லை.

அடுத்த முறை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது அந்த மலையைப் பாருங்கள். அவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் அளந்த 12 கி.மீ.யை, உங்கள் விமானம் முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஊருக்கு வந்தால் பிள்ளைகளோடு வாருங்கள், சேர்ந்தே மலை ஏறுவோம். முழங்கால் வலி இருக்கிறது. மெதுவாக ஏறலாம்.