மிளகின் வழித்தடம்

தமிழர் அடுக்களைக்கு மிளகாய் பிற்காலத்தில் வந்த விருந்தாளி. அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய அச்செடி, 1498-இல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டை அடைந்த பின்னரே நம் நாட்டில் பரவிற்று. அதற்கு முன் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே சார்த்தி 'மிளகாய்' என்றனர். சங்க நூல்களில் 'கறி' என்ற சொல் மிளகைக் குறித்தது. வெண்பொங்கலிலும், ஆஞ்சநேயருக்குச் சாற்றும் வடைமாலையிலும் திருக்கோயில் மடைப்பள்ளிகள் அப்பழைய காரத்தை இன்றும் காத்து வருகின்றன. புளியோதரையில் மிளகாய் நுழைந்துவிட்டது வேறு செய்தி!

யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு கூறும். எகிப்தின் செங்கடல் துறையாகிய பெரெனிகேயில், ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியிலிருந்து ஏறத்தாழ ஏழரை கிலோ மிளகை அகழ்வாய்வாளர் 1999-இல் கண்டெடுத்தனர். அது கி.பி. முதல் நூற்றாண்டினது.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகம் சித்த மருத்துவத்தில் கபத்தைப் போக்கும் மருந்து. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருளை டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் 1819-இல் பிரித்தெடுத்தார். மஞ்சளின் சத்து உடலில் சேர்வதை அது பன்மடங்கு உயர்த்துகிறது என்று பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டனர். மஞ்சளிட்ட பாலில் மிளகுப்பொடி தூவிய பாட்டிமார் வழக்கம் பொருளற்றதன்று. எனினும் சில ஆங்கில மருந்துகளின் வேகத்தையும் பைப்பரின் கூட்டக்கூடும். ஆதலின் நாள்தோறும் மருந்து உண்போர், மிளகை மருந்தாக மிகுதியாக உட்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்டறிதல் நலம்.

மார்சிலிங் வட்டாரத்துக்கும் மிளகு அயலான சரக்கு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் வடபகுதி ஆற்றோரங்களில், கிராஞ்சி உள்ளிட்ட இடங்களில், சீனக் குடியானவர்கள் காடழித்துக் காம்பிரும் மிளகும் பயிரிட்டனர். காம்பிர் என்பது வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை ஒத்தது. தோல் பதனிடவும் உதவியது. அதன் இலைகளைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தபின் எஞ்சிய சக்கையே மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. ஆனால் கொதிகலன்களோ ஓயாது விறகு கேட்டன. காடு சுருங்கியது, புலிகளுக்குத் தொழிலாளர் பலர் இரையாயினர். பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் சாரமிழக்கவே, தோட்டங்களைக் கைவிட்டு வேற்றிடம் தேடினர். 1840-களிலிருந்து பலர் நீரிணையைக் கடந்து ஜோகூர் ஆற்றங்கரைகளில் குடியேறினர். அவர்களுக்கு ஜோகூரின் தெமெங்கோங் அனுமதிச் சீட்டு வழங்கினார். அவ்வாற்றங்கரைத் தோட்டக் குடியிருப்பின் தலைவருக்குக் 'கங்சூ' என்று பெயர். லிம் சூ காங், சுவா சூ காங் என்னும் ஊர்ப்பெயர்கள் அவ்வழி வந்தவை.