பொன்னியின் செல்வன்: ஆறாம் பாகம் எங்கே இருக்கு?

பொன்னியின் செல்வன் படிச்சு முடிச்சவங்களுக்கு ஒரு வியாதி வரும். அஞ்சாம் பாகத்தை மூடின கையோட "அப்புறம் என்னாச்சு?"ன்னு கேட்கத் தோணும். 1954ல தொடர் முடிஞ்சப்பவே வாசகர்கள் இதைத்தான் கேட்டாங்க. கல்கி தனியா ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் டிசம்பர்ல அவர் காலமாயிட்டார்.

நம்மாளுங்க சும்மா விடுவாங்களா? அந்தக் கதையைத் தொடர்ந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பின்னாடி பாலகுமாரன் ஆறு பாகத்துல 'உடையார்'. விக்கிரமன் கல்கியோட ஆட்களை ரொம்ப மரியாதையா நடத்தறார். ஆனா வந்தியத்தேவனோட அந்தக் குறும்பைக் காணோம். பாலகுமாரன் கல்கி பாதையில போகவே இல்லை. பெரிய கோயில் கட்டற வேலையையே கதையாக்கிட்டார். என் ஓட்டு அவருக்குத்தான் :-)

இங்கிலீஷ்லயும் இந்த அவஸ்தை உண்டு. 'வீல் ஆஃப் டைம்' முடியறதுக்குள்ள 2007ல ராபர்ட் ஜோர்டன் இறந்துட்டார். அவர் விட்டுட்டுப் போன குறிப்புகளை வெச்சு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூணு புத்தகத்தை எழுதி 2013ல முடிச்சார். ஆனா அது கற்பனை உலகம். யார் சாகணும், யார் ஜெயிக்கணும்னு எழுதறவரே முடிவு பண்ணிக்கலாம். சோழர் கதையில அந்தச் சலுகை கிடையாது. அடுத்த பாகத்தை ஆயிரம் வருஷம் முன்னாடியே கல்லுல வெட்டிட்டாங்க. நாவல்ல வந்தியத்தேவன் - குந்தவை கல்யாணச் சாப்பாடு நமக்குக் கிடைக்கலை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவின்னு ஒரே வரியில சொல்லிடுது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆற்காடுன்னா நவாப், கிளைவ், மக்கன் பேடா. ஆம்பூர்னா பிரியாணி, தோல். வந்தியத்தேவன் நம்ம பக்கத்து ஆள்னு எத்தனை பேருக்குத் தெரியும்? நாவல்ல அவன் நாடிழந்த வாணர் குலத்து வாலிபன். அந்த வாணர்களோட தலைநகர் ராணிப்பேட்டைக்கும் காட்பாடிக்கும் நடுவுல இருக்கிற திருவல்லம். கோயில்ல அவங்க கால கல்வெட்டுகள் இன்னும் இருக்கு. முதலாம் பராந்தகன் ரெண்டு வாண அரசர்களைத் தோற்கடிச்சு, 'வாணாதிராஜன்'ங்கிற பட்டத்தைக் கங்க அரசன் பிருதிவீபதிக்குக் கொடுத்ததைச் சொல்ற செப்பேடு கிடைச்சது, வாணியம்பாடி பக்கம் உதயேந்திரத்துல. முன்கதை ரெடி!

949ல இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிரை விட்ட தக்கோலமும் நம்ம அரக்கோணம் பக்கம்தான். அதுக்கப்புறம் இந்தத் தொண்டை மண்டலமே ராஷ்டிரகூடர் கைக்குப் போயிடுச்சு.

பின்கதை? காட்பாடிக்கு வடக்கே, பொன்னை ஆத்தங்கரையில மேல்பாடி. அங்கே ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு ஒரு பள்ளிப்படைக் கோயில் கட்டியிருக்கான். அரிஞ்சயன் ஆண்டது கொஞ்ச நாள்தான். நாவல்லயும் பேச்சோட பேச்சா வந்து போறவர். கல்வெட்டு அவரை 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'னு சொல்லுது. ஊரையே ஆள்ற பேரன், அதிகம் பேர் நினைக்காத தாத்தாவுக்கு, கைவிட்டுப் போய் மீட்ட மண்ணுல கல்லுல ஒரு கோயில் எழுப்பறான். எந்தத் தொடர்ச்சி நாவல்லயும் எனக்கு இப்படி ஒரு காட்சி கிடைக்கலை.

யாராவது மறுபடி 'பாகம் ஆறு' எழுத உட்கார்ந்தா, தஞ்சாவூர் அரண்மனைச் சதியை கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு மேல்பாடியிலிருந்து ஆரம்பிங்க சாமி. முதல் பிரதி எனக்கு!