கைப்பக்குவத்துக்குச் சான்றிதழ் வந்த கதை

நெல்லைச் சீமையில் சமையலுக்கென்று பள்ளிக்கூடம் இருந்ததில்லை. தவசுப்பிள்ளை என்ற சமையல்காரருக்கு எடுபிடியாகப் போகும் பையன் காய் நறுக்குவான், அண்டா கழுவுவான். பல முகூர்த்தங்கள் கழிந்த பிறகே கரண்டி அவன் கைக்கு வரும். மறுவீட்டு விருந்தின் சொதியில் தேங்காய்ப்பால் திரியாமல் இறக்கும் பக்குவம் அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தது. தொழில் தெரிந்தவரிடம் அதைச் சொல்ல ஒரு காகிதமும் இருக்காது. உள்ளூரில் பெயரே போதும். வெளியூர் நட்சத்திர ஓட்டலில் அந்தப் பெயர் செல்லாது. புதிதாகச் சேர்பவனுக்கு உள்ள கூலிதான் கிடைக்கும்.

ஓட்டல் தொழிலைப் பாடமாக்கும் முயற்சி இந்தியாவில் 1954இல் மும்பையில் தொடங்கியது. பிறகு சென்னை உட்படப் பல நகரங்களில் கேட்டரிங் கல்லூரிகள் வந்தன. நல்ல கல்லூரிகள்தான். ஆனால் பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு, ஆங்கிலம், மூன்று வருடக் கட்டணம் என்று வாசலிலேயே பல படிகள். பத்தாவதோடு நின்ற அம்பாசமுத்திரத்துப் பையனுக்கு அவை எட்டவில்லை.

அவனுக்கான வாசல் வேறு திசையிலிருந்து வந்தது. 1901இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் ஆறு மாணவர்களோடு ஒரு இரண்டாண்டுக் கல்லூரி தொடங்கியது. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாதவர்கள் சொந்த ஊரிலேயே படிக்கட்டும் என்பதே அதன் நோக்கம். அந்த வழி சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் அந்த நாடு முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரி தொடங்கின. அதை இயக்கமாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். விடுபட்டவர்களைச் சேர்ப்பதே கல்லூரியின் வேலை என்பது அவர் கொள்கை. இடையில் படிப்பை விட்டவர்கள், பெண்கள், கிராமத்து இளைஞர்கள் ஆகியோருக்காக ஓராண்டுப் பட்டயம் உருவானது. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி மூன்றும் அதில் சம முக்கியத்துவம் பெற்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நெல்லையின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இத்தகைய கல்லூரிகளை ஏற்றன. 2013இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித்திட்டம் கொண்டுவந்தது.

இந்த ஓராண்டு அச்சில் கச்சிதமாகப் பொருந்துவது ஓட்டல் தொழில். கிச்சன், சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்ற நான்கு பிரிவிலும் அடிப்படையை ஓராண்டில் கற்கலாம். மீதியைத் தொழில் கற்றுத்தரும். மூன்று வருடம் படிப்பவரைவிட இரண்டு வருடம் முன்பே சம்பளம் வீடு வந்துசேரும். ஏழை வீட்டில் அந்த இரண்டு வருடம் தங்கையின் படிப்பாக மாறும்.

தாமிரபரணிக் கரையிலும் அதைச் சுற்றியும் இந்தப் பயிற்சிக்கு வேலையும் உண்டு. பாபநாசத்தில் தொடங்கும் நவகைலாயம், ஆழ்வார்திருநகரியைச் சுற்றிய நவதிருப்பதி, நெல்லையின் ஆனித் தேரோட்டம், குற்றாலச் சீசன் என வருடம் முழுக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தங்க அறையும் சுத்தமான சாப்பாடும் கேட்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, உரிமம் பெற்ற உணவகங்களில் உணவைக் கையாளும் 25 பணியாளருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது. அளவறிந்து சமைப்பவர் இருந்தால் வீணாகும் அரிசியும் எண்ணெயும் குறையும். அந்த மிச்சம் முதலாளிக்கு லாபம், தொழிலாளிக்குச் சம்பள உயர்வு கேட்க நியாயம். பயிற்சியின் பொருளாதார மதிப்பு இங்கேதான் இருக்கிறது: கைத்தொழில் ஊர் எல்லையைத் தாண்டியும் விலைபோகிறது.

ஆனால் ஓட்டலோடு உறவில்லாத கல்லூரி தரும் சான்றிதழ் வெறும் தாள். பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஓட்டலில் நேரடிப் பயிற்சி? எத்தனை மாதம்? போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்? ஓட்டல் முதலாளிகளே, பயிற்சிக்கு வரும் பிள்ளையைச் சம்பளமில்லாத எடுபிடியாக நடத்தாமல் உதவித்தொகை கொடுத்துத் தொழிலைக் கற்றுக்கொடுங்கள். நாளை உங்கள் அடுப்பைக் காக்கப்போவது அந்தப் பிள்ளைதான்.