சூட்டறையும் மைக்ரோமீட்டரும்

டின்னில் அடைத்த உணவு கெடாமல் நிற்குமா என்று அறிய ஆலைகளில் இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்றில், மாதிரி டின்களைச் சூட்டறையில் அடுக்கி, 37 டிகிரி செல்சியஸில் 10 முதல் 14 நாள் வைத்திருப்பார்கள். கிருமி பிழைத்திருந்தால் பெரும்பாலும் வாயு உண்டாகி மூடி உப்பும். இன்னொன்றில், மூடியும் உடலும் சேரும் விளிம்பை வெட்டிப் பிரிப்பார்கள். அங்கே இரு தகடுகளும் ஒன்றையொன்று கொக்கி போலப் பற்றி ஐந்தடுக்காக மடிந்திருக்கும். இடையில் ரப்பர் போன்ற பசை. கொக்கிகள் எவ்வளவு தூரம் ஒன்றின்மேல் ஒன்று படிந்துள்ளன என்பதை மைக்ரோமீட்டராலோ உருப்பெருக்கித் திரையிலோ அளப்பார்கள்.

பலரும் நம்புவது சூட்டறையைத்தான். உணவையே நேராகச் சோதிக்கிறதல்லவா? வேகவைத்த சூடு போதாமல் போனால் அந்தக் குறை தொகுதி முழுக்கப் பரவியிருக்கும்; நாலு டின் எடுத்தாலும் தெரிந்துவிடும். இதில் அது நல்ல சோதனைதான்.

கசிவு அப்படியல்ல. 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு டைபாய்டு வந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த மாட்டிறைச்சி டின்தான் மூலம். சூடேற்றிய டின்களைச் சுத்திகரிக்காத ஆற்றுநீரில் குளிர வைத்திருந்தார்கள். டின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். பசையும் அப்போது இளகியிருக்கும். மடிப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஒரு துளி நீரை உறிஞ்சிக்கொள்ளும். டைபாய்டுக் கிருமி வாயு விடாது, மூடி உப்பாது. உப்பலைத் தேடும் கண்ணுக்கு அந்த டின் நல்ல டின்னாகவே தெரியும். அந்த இறைச்சியை விற்ற கடையின் வெட்டும் இயந்திரம் மற்ற இறைச்சிக்கும் கிருமியைப் பரப்பியது.

ஆயிரக்கணக்கான டின்களில் ஒன்று கசியும் என்றால், மாதிரியில் அதுவே அகப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. மடிப்பை அளப்பவர் அந்த ஒரு டின்னைத் தேடுவதில்லை. மூடி போடும் இயந்திரம் நிலை தவறுகிறதா என்று பார்க்கிறார். உருளை தேய்ந்தால் கொக்கியின் அளவு மாறும். அதைச் சில நிமிடங்களில் கண்டு ஓட்டத்தை நிறுத்தலாம். சூட்டறை பதில் சொல்லும்போது இரண்டு வாரம் போயிருக்கும். அமெரிக்க விதிகள் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது மடிப்பைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இதற்கும் எல்லை உண்டு. 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு சால்மன் டின்னைச் சாப்பிட்ட நால்வருக்கு பொட்டுலிசம் நஞ்சேறி, இருவர் இறந்தார்கள். டின்னில் சிறு ஓட்டை இருந்தது. ஒரே ஒரு டின்னுக்கு நேர்ந்த காயத்தை வேறு டின்னின் மடிப்பை அளந்து காண முடியாது. அதற்கு ஒவ்வொரு டின்னிலும் வெற்றிடம் இருக்கிறதா என்று கருவியால் பார்க்க வேண்டும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் ஆளும் பணமும் உண்டு என்று ஓர் ஆலை சொன்னால், மடிப்பை அளக்கும் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்வேன். கடையில் வாங்குபவருக்கு மைக்ரோமீட்டர் வேண்டாம்: விளிம்பில் நசுங்கிய டின்னையும் மூடி உப்பிய டின்னையும், பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.