மாற்றாந்தந்தைக்கு எந்த இடம்? புதுச்சேரியின் இரு சட்டங்கள் வழியே ஒரு வாதம்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தொழிற்பேட்டை இருக்கிறது, லாரி முனையம் இருக்கிறது, அவற்றை நம்பி வாடகை வீடுகளில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டை வாதத்துக்காக எண்ணிக்கொள்வோம். ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. கணவரை இழந்த தாய் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். பதினைந்து வயது மகன் சிலிண்டர் வந்தால் பணம் எண்ணிக் கொடுக்கிறான், கரண்ட் பில் கட்டுகிறான், தங்கையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறான், இரவில் கதவைத் தாழிடுகிறான். தாய் மறுமணம் செய்துகொள்கிறார். வந்தவர் நல்லவர், குடிக்காதவர், சம்பளத்தை வீட்டில் கொடுப்பவர். ஒருநாள் இரவு தாமதமாக வந்த பையனை "எங்கடா போன?" என்று கேட்கிறார். "அதக் கேக்க நீங்க யாரு?" என்று பதில் வருகிறது. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோகிறது. அக்கம்பக்கத்தார் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வயசு அப்படி.

இக்கட்டுரை அந்தக் காரணத்தை ஏற்கவில்லை. பையன் திமிராகவே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டது சரியான கேள்வி. அதற்கு அந்த வீட்டில் எவரிடமும் விடை இல்லை, சட்டத்திடமும் இல்லை. வந்தவருக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்கள், குடும்பத்தில் அவருக்கு என்ன இடம் என்று சொல்லாமல் விட்டதுதான் பெரும்பாலான பகைக்கு வேர் என்பது என் வாதம். இதைப் பேசப் புதுச்சேரி பொருத்தமான ஊர். மாற்றாந்தந்தை யார் என்ற கேள்விக்கு நேரெதிரான விடை சொன்ன இரண்டு சட்டங்கள் இங்கே அருகருகே வாழ்ந்திருக்கின்றன.

வயதுக் காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம். பதினைந்து வயதில் பிள்ளைகள் சொந்த அப்பாவோடும் முட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, எவனோடு சேர்வது என்பதைப் பற்றித்தான் சண்டை. கேட்கும் உரிமை அப்பாவுக்கு இருப்பதைப் பையன் மறுப்பதில்லை, கேட்கிற விதத்தைத்தான் வெறுக்கிறான். மாற்றாந்தந்தையிடம் அவன் மறுப்பது அந்த உரிமையையே. வளர்பருவம் சண்டையின் சுருதியை ஏற்றும். எதைப் பற்றிய சண்டை என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ செர்லின் 1978இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மறுமணம் இன்னும் முழுமை பெறாத நிறுவனம் என்றார். முதல் மணத்துக்குரிய பெயர்கள், கடமைகள், சட்டங்கள், பழக்கங்கள் எல்லாம் தயாராக இருக்கின்றன. மறுமணக் குடும்பமோ அன்றாடம் எல்லாவற்றையும் தானே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மேவிஸ் ஹெதரிங்டனும் கிளென் கிளிங்கம்பீலும் 1992இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு இதற்கு உடம்பு கொடுத்தது. பதின்வயதின் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் எதிர்ப்பு, மறுமணமாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிதாகத் தணியவில்லை. பெண்பிள்ளைகளின் எதிர்ப்பும் குறைந்ததாக இல்லை. தனித்து நின்ற தாயோடு மகளுக்கு வளர்ந்திருந்த நெருக்கம் மூன்றாமவர் வரவால் உடைவது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஹெதரிங்டனின் ஆய்வுகளிலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடம் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. வந்த உடனே கண்டிக்கத் தொடங்கும் மாற்றாந்தந்தை தோற்கிறார். தாயின் கண்டிப்புக்குப் பின்னால் நின்று, பிள்ளையோடு முதலில் பழக்கத்தை வளர்த்துக்கொள்பவருக்குக் காலப்போக்கில் வழி கிடைக்கிறது.

மார்ட்டின் டேலி, மார்கோ வில்சன் போன்ற பரிணாம உளவியலாளர்கள் இரத்த உறவின்மையையே காரணம் காட்டுவார்கள். அவர்களுடைய வலுவான தரவுகள் சிறு குழந்தைகள் மீதான கொடுமையைப் பற்றியவை. பெரியவரின் அக்கறைக் குறைவுக்கு அது ஓரளவு விளக்கமாகலாம். அக்கறையோடு வந்த மனிதரிடம் பிள்ளை காட்டும் பகையை அதைக் கொண்டு விளக்க முடியாது.

மறுமணம் தமிழருக்குப் புதிதன்று. அறுத்துக் கட்டும் வழக்கம் பல சாதிகளில் இருந்தது. ஆனால் பழைய ஏற்பாடுகள் மாற்றுப் பெற்றோரையும் பிள்ளையையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைப்பதைவிட, பிரித்து வைப்பதிலேயே கருத்தாக இருந்தன. டச்சுக்காரர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், மனைவியை இழந்தவர் மறுமணம் செய்யும்போது சிறு பிள்ளைகளைத் தாய்வழிப் பாட்டியோ நெருங்கிய உறவினரோ எடுத்து வளர்ப்பதும், இறந்த மனைவியின் சீதனம் பிள்ளைகளோடு போவதும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயரின் 1856ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டமும் அதே மனநிலையில் எழுதப்பட்டது. விதவை மறுமணம் செய்துகொண்டால், பிள்ளைகளுக்கு வேறு காப்பாளரை நியமிக்குமாறு இறந்த கணவரின் உறவினர் நீதிமன்றத்தை நாட அதன் மூன்றாம் பிரிவு வழிவிட்டது. பிள்ளை தந்தைவழிக்கு, தாய் புது வீட்டுக்கு. மாற்றாந்தந்தைக்கும் பதின்வயதுப் பிள்ளைக்கும் பகை வரக்கூட வாய்ப்பில்லாத அளவுக்குத் தீர்வு கொடுமையானதாக இருந்தது.

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் இன்னொரு சட்டம் வந்தது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பு 1819இல் இங்கே நடைமுறைக்கு வந்தபோது, உள்ளூர் மக்கள் தத்தம் வழக்கங்களின்படியே நடக்கலாம் என்று விடப்பட்டார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பியவர்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர வழி திறந்தது. அப்படி வந்தவர்கள்தாம் ரெனோன்சான்கள்.

அந்தத் தொகுப்பு 1804இல் எழுதப்பட்டபடி, காப்பாளராக இருக்கும் விதவைத் தாய் மறுமணம் செய்ய விரும்பினால், மணத்துக்கு முன்பே குடும்ப அவையைக் கூட்ட வேண்டும் என்றது 395ஆம் பிரிவு. தந்தைவழியில் பாதி, தாய்வழியில் பாதி என ஆறு உறவினர்கள், அவர்களுக்குத் தலைமையாக அமைதி நீதிபதி. காப்பாளர் பொறுப்பு தாயிடமே இருக்கலாமா என்பதை அந்த அவை முடிவு செய்யும். கூட்டாமல் மணந்தால் அவர் பொறுப்பை இழப்பார். இருக்கலாம் என்று முடிவானால், புதுக் கணவரை இணைக் காப்பாளராக அவை நியமித்தே ஆக வேண்டும் என்றது 396ஆம் பிரிவு. பிள்ளையின் சொத்து நிர்வாகத்துக்கு அவரும் மனைவியோடு சேர்ந்து பொறுப்பாளி. போதாததற்கு, காப்பாளர் எந்த வழியைச் சேர்ந்தவரோ அதற்கு மறுவழியிலிருந்து ஒரு கண்காணிப்பாளரும் உண்டு. அதாவது, தாய் காப்பாளர் என்றால் பையனின் பெரியப்பாவோ சித்தப்பாவோ அந்த இடத்துக்கு வரலாம்.

இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. சட்டத்தின் கவலை சொத்து, பிள்ளையின் மனம் அதன் கண்ணில் படவே இல்லை. பெண்ணை அது சந்தேகித்தது. மனைவியை இழந்த தந்தை மறுமணம் செய்தால் எந்த அவையையும் கூட்ட வேண்டியதில்லை. அவையில் ஆறு பெரியவர்களுக்குப் பேச இடமிருந்தது, பிள்ளைக்கு இல்லை. ஆனாலும் இரண்டு காரியங்களை அது செய்தது. கேள்வியை மணத்துக்கு முன்பே எழுப்பியது. வருபவருக்குப் பெயரும் பொறுப்பும் உள்ள ஓர் இடத்தைக் கொடுத்தது, அதுவும் தந்தைவழி உறவை வெட்டாமல் கொடுத்தது. "நீங்க யாரு?" என்றால், "உன் இணைக் காப்பாளர், உன் பெரியப்பா உட்கார்ந்திருந்த அவை நியமித்தது" என்று சொல்ல அங்கே முடியும்.

1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டே இந்துச் சட்டங்கள் இங்கே விரிவாக்கப்பட்டன, ரெனோன்சான்களுக்கு மட்டும் விலக்கு. அவற்றுள் ஒன்றான 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் ஆறாம் பிரிவுக்கு ஒரு விளக்கம் உண்டு: தந்தை, தாய் என்னும் சொற்கள் மாற்றாந்தந்தையையும் மாற்றாந்தாயையும் குறிக்கமாட்டா. கதவு சாத்தப்பட்டது. மாற்றாந்தந்தை இயற்கைக் காப்பாளர் அல்லர். பிள்ளை அவருக்கு வாரிசும் அன்று. தத்தெடுத்தால் மாறும். ஆனால் 1956ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தில், வேறு வழக்கம் இல்லாவிட்டால், பதினைந்து வயது நிறைவதோடு அந்த வாய்ப்பும் முடிகிறது. பிறகு இருப்பது சிறார் நீதிச் சட்டத்தின் வழி, அது பதினெட்டு வரை. இந்தியச் சட்டம் மாற்றாந்தந்தையைத் தெளிவாகக் காணும் இடம் ஒன்று உண்டு. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, மணவழி உறவினரும் ஒரே வீட்டில் வசிப்பவரும் பிள்ளை மீது செய்யும் பாலியல் குற்றத்தைக் கடுங்குற்றமாக்குகிறது. அது வேண்டிய பிரிவுதான், ஐயமில்லை. ஆனால் பெரும்பாலும் குற்றவாளியாகவே முகம் தெரியும் உறவு என்பது விசித்திரமான நிலை.

இலக்கியமும் அப்படித்தான். தமிழ்க் கதைகளில் மாற்றாந்தாய்கள் ஏராளம். மாற்றாந்தந்தைக்குப் புகழ்பெற்ற முன்மாதிரி தேடினால் பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டைத் தழுவி எழுதிய அமலாதித்யன்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே மாற்றாந்தந்தை, நாயகனின் தந்தையைக் கொன்றவன். விதவை மறுமணத்துக்காகக் குரல் கொடுத்த பாரதிதாசன் வாழ்ந்த ஊர் இது. சீர்திருத்த எழுத்து பெரும்பாலும் தாலி கட்டுவதோடு வெற்றி கண்டு நின்றுவிட்டது. மறுநாள் காலை அந்த வீட்டில் கண்விழிக்கும் பிள்ளையைப் பற்றி அது பேசவில்லை.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் காகிதத்தில் வந்து நிற்பது இனிஷியலில். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் நிலைபெறும் வயதும், பகை உச்சத்தில் இருக்கும் வயதும் ஒன்றே. இறந்த அப்பாவிடமிருந்து பையனுக்கு வேறெதுவும் மிஞ்சாவிட்டாலும் அந்த ஓர் எழுத்து மிஞ்சும். பெயர் பற்றிய வழக்கு ஆந்திரத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆகெல்லா லலிதா வழக்கில், மறுமணம் செய்த தாய் பிள்ளைக்கு இரண்டாம் கணவரின் குடும்பப் பெயரைச் சூட்டினார். இறந்த தந்தையின் பெற்றோர் பிள்ளையின் காப்பாளர் பொறுப்பைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தனர். பழைய பெயரையே மீட்க வேண்டும், ஆவணங்களில் இரண்டாம் கணவரை மாற்றாந்தந்தை என்றே குறிக்க வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். 2022 ஜூலை 28இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படிக் குறிப்பது பிள்ளையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணாத கொடுமை என்று கண்டித்து, பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கே என்றது. தீர்ப்பு சரி. ஆனால் அங்கே தந்தை இறந்தபோது பிள்ளை கைக்குழந்தை. தந்தையின் முகம் நினைவிருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதே தீர்ப்பை அப்படியே பொருத்தினால், தாய் வெல்வார், வீடு தோற்கும்.

அந்த வயதினரைக் கேட்க வேண்டும் என்ற கருத்து நம் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 1890ஆம் ஆண்டு காப்பாளர், காப்புக்குரியோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அறிந்து விருப்பம் சொல்லும் வயதடைந்த இளவரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. ஆனால் வழக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எழும். பிரெஞ்சுத் தொகுப்பு முன்கூட்டியே கேட்டது, ஆனால் பிள்ளையைக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தாலிக்கு முன் தாய்மாமனும் பெரியப்பாவும் உட்காரும் சிறு கூட்டம் ஒன்று போதும், பிள்ளையும் அதில் இருக்க வேண்டும். வருபவரை என்னவென்று கூப்பிடுவது, எங்கே படுப்பது, அப்பாவின் படம் சுவரில் இருக்குமா, கண்டிப்பது யார், இனிஷியல் மாறுமா என்ற கேள்விகளை அங்கே பேசிவிடலாம். அம்மாவின் மணத்தைத் தடுக்கும் உரிமை பிள்ளைக்கு வேண்டாம், அது அம்மாவின் வாழ்க்கை. ஆனால் தன் அன்றாடம் எப்படி மாறும் என்பதில் அவனுக்குச் சொல் வேண்டும். வீட்டைப் பல ஆண்டுகள் சுமந்த பிள்ளைக்கு அது சலுகையாகாது.

ஒன்றைக் கவனமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பகை வேறு, அச்சம் வேறு. எதிர்த்துப் பேசும் பிள்ளைக்கு மேற்சொன்ன ஏற்பாடு உதவும். மாற்றாந்தந்தை வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் வெளியே சுற்றும், தனியாக இருக்க நடுங்கும், திடீரென ஊமையாகிவிடும் பிள்ளைக்குத் தேவை குடும்பக் கூட்டம் அன்று, 1098 என்ற குழந்தைகள் உதவி எண். இரண்டையும் குழப்பி, அஞ்சும் பிள்ளையை "அனுசரித்துப் போ" என்று அடக்குவது குற்றத்துக்கு உடந்தையாவதாகும்.

தமிழ்நாட்டில் 1975 முதல் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரில் விதவை மறுமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. விண்ணப்பத்தில் சான்றிதழ்கள் கேட்கப்படுகின்றன. மறுமணத்தை ஊக்குவிக்கும் அரசு எதுவானாலும், வீட்டில் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருக்கிறதா என்று ஒரு வரி சேர்க்கட்டும். இருந்தால், மணநாளுக்கு முன் ஒரு மனநல ஆலோசகர் ஒருமுறையாவது அந்தப் பிள்ளையைத் தனியே சந்திக்கட்டும். குடும்ப அவை என்ற ஏற்பாட்டைச் சட்டத்திலேயே கண்ட புதுச்சேரி இதை முதலில் தொடங்க வேண்டும்.