டயாட்டம் புதைபடிவங்களும் பனியுக ஆய்வும்

டயாட்டம் என்பது கடலிலும் நன்னீரிலும் வாழும் ஒருசெல் பாசி. அதன் செல்சுவர் சிலிக்காவால் ஆனது. பெட்டியும் மூடியும்போல் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் இரண்டு ஓடுகளாக அமைந்தது. பாசி மடிந்ததும் உயிர்ப்பொருள் அழுகிப்போக, ஓடு நீரடி வண்டலில் படிகிறது. ஓட்டின் வடிவமும் அதிலுள்ள துளைகளின் வரிசையும் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் இனத்தை அடையாளம் காணலாம். ஒவ்வோர் இனமும் தனக்கு ஏற்ற வெப்பமும் உப்புத்தன்மையும் கொண்ட நீரில்தான் செழிக்கிறது. எனவே ஓர் அடுக்கிலுள்ள ஓடுகளைக் கொண்டு, அந்த அடுக்கு படிந்த காலத்து நீரின் இயல்பை அறிய முடிகிறது.

தொடக்கம்

மெருகேற்றப் பயன்படும் ஒருவகை மென்பாறை பெரும்பாலும் நுண்ணுயிர்களின் ஓடுகளால் ஆனது என்பதை ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் ஏரன்பெர்க் 1836இல் கண்டார். 1839 முதல் 1843 வரை ஜேம்ஸ் ராஸ் தலைமையில் அண்டார்டிக் கடலை ஆராய்ந்த குழுவில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், மிதக்கும் பனியை டயாட்டம்கள் பழுப்பாக்கியிருந்ததைப் பதிவு செய்தார். பனியிலேயே செழிக்கும் பாசிகள் உண்டு என்ற அந்தச் செய்தி, பின்னாளைய ஆய்வுகளுக்கு அடிப்படையாயிற்று.

ஓடுகளைக் கொண்டு பழைய நீரின் இயல்பை அறியும் முறைக்குப் பால்டிக் கடல் நல்ல களமாக அமைந்தது. பனியுகப் பனிப்பாளம் உருகிய பிறகு அக்கடல் ஒரு காலத்தில் நன்னீர் ஏரியாகவும், பின்னர் உவர்நீர்க் கடலாகவும் மாறியது. அவ்வண்டலில் நன்னீர் இனங்கள் நின்று உவர்நீர் இனங்கள் தொடங்கும் இடத்தைக் கொண்டு ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தை அறிந்தனர்.

ஆழ்கடலுக்கு

1947–48இல் ஆல்பட்ராஸ் என்ற சுவீடன் கப்பல், பியோர்யே குல்லென்பெர்க் வடிவமைத்த உந்துதண்டுக் குழாயால் ஆழ்கடலிலிருந்து நீண்ட வண்டல் தூண்களை எடுத்தது. அட்லாண்டிக் தூண்களை ஆராய்ந்த ஆர். டபிள்யூ. கோல்பே, நடுக்கடல் வண்டலில் நன்னீர் டயாட்டம்களைக் கண்டார். வறண்ட ஆப்பிரிக்க ஏரிப்படுகைகளிலிருந்து காற்று அள்ளிச்சென்ற ஓடுகள் அட்லாண்டிக் வண்டலில் படிந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இவ்வாறு கடல் வண்டல், நிலத்தின் வறட்சிக்கும் சான்றாகியது.

செய்முறை

வண்டல் துணுக்கிலுள்ள உயிர்ப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடும், சுண்ணத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நீக்கும். கழுவிய எச்சத்தைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்தி, பிசின் இட்டு மூடி, 1,000 மடங்கு உருப்பெருக்கத்தில் இனவாரியாக எண்ணுவர். ஒரு மாதிரிக்குச் சில நூறு ஓடுகள் எண்ணப்படும்.

எண்ணிக்கை வெப்பநிலையானது

1971இல் ஜான் இம்ப்ரியும் நில்வா கிப்பும் நுண்ணுயிர் ஓடுகளின் விகிதத்தை நீரின் வெப்பநிலையாக மாற்றும் கணிதமுறையை வெளியிட்டனர். இன்றைய கடலடியில் எந்த வெப்பத்துக்கு எந்த இனக்கலவை கிடைக்கிறது என்பதைக் கணித்து, அதே உறவைப் பழைய அடுக்குகளுக்குப் பொருத்துவதே அதன் சாரம். முதலில் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களுக்காக உருவான இம்முறை, பிறகு டயாட்டம்களுக்கும் பயன்பட்டது. பனியுகக் கடல்களின் வரைபடத்தை உருவாக்கிய கிளைமேப் திட்டம் 1976இல் தன் முதல் முடிவுகளை வெளியிட்டது.

தென்பெருங்கடலில் ஃப்ராஜிலாரியாப்சிஸ் கர்ட்டா, ஃப்ராஜிலாரியாப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்னும் இனங்கள் கடற்பனியின் அடையாளம். ஃப்ராஜிலாரியாப்சிஸ் கெர்கலென்சிஸ் திறந்த கடலின் அடையாளம். இவற்றின் விகிதத்தைக் கொண்டு ரெய்னர் கெர்சோண்டே தலைமையிலான குழு 2005இல் வெளியிட்ட முடிவு: கடைசிப் பனியுக உச்சத்தில் குளிர்காலக் கடற்பனி ஏறக்குறைய 3.9 கோடி சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. இது இன்றையதைப்போல் இரு மடங்கு. கோடைக்காலப் பனி பற்றிய கிளைமேப் மதிப்பீடு மிகையானது என்றும் இவ்வாய்வு காட்டியது.

வேதிச்சான்றுகள்

பாசிகள் விட்டுச்செல்லும் மூலக்கூறுகளும் இன்று உதவுகின்றன. எமிலியானியா ஹக்ஸ்லேயி என்ற பாசி உண்டாக்கும் ஆல்க்கினோன்களிலிருந்து கடல்நீரின் வெப்பநிலையை மதிப்பிடலாம் என்பது 1980களில் தெளிவானது. 2007இல் சைமன் பெல்ட் குழுவினர், ஆர்க்டிக் கடற்பனியில் வாழும் டயாட்டம்கள் உண்டாக்கும் ஐபி25 என்ற சேர்மத்தைப் பழைய கடற்பனியின் சான்றாக முன்வைத்தனர்.

வரம்புகள்

மேல்நீரில் உருவாகும் ஓடுகளில் சிறு பங்கே வண்டலில் நிலைக்கிறது. மெல்லிய ஓடுகள் கரைந்துவிட, கெர்கலென்சிஸ் போன்ற கனத்த ஓடுகள் மிஞ்சுவதால் விகிதம் பிறழக்கூடும். நீரோட்டமும் ஓடுகளை இடம் மாற்றும். ஆகவே ஆய்வாளர்கள் ஓட்டு எண்ணிக்கையை வேதிச்சான்றுகளோடும் பிற நுண்ணுயிர்ச் சான்றுகளோடும் ஒப்பிட்டே முடிவுக்கு வருகின்றனர். இவ்வாறு கிடைத்த பனி எல்லைகள், காலநிலைக் கணினி மாதிரிகள் பனியுகத்தைச் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்கும் அளவுகோலாக இன்று பயன்படுகின்றன.