எரவாணத்தில் செருகிய பட்டா

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு நான் மூன்றாம் நாள்தான் போய்ச்சேர முடிந்தது. சாலை நெடுக மின்கம்பங்களும் தென்னைகளும் கிடந்தன. கடைசி ஆறு கிலோமீட்டர் நடைதான். அம்மாவின் வீட்டில் மேற்குச் சுவர் மட்டும் நின்றது. கூரை பக்கத்துத் திடலில் கவிழ்ந்து கிடந்தது. அம்மா குளத்தங்கரையில் உட்கார்ந்து, விழுந்த மரங்களின் மட்டைகளைக் கிழித்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, "மட்டை காயுறதுக்குள்ள முடைஞ்சாத்தான் உண்டு" என்றார்.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவள். கீழத்தஞ்சையின் நில உறவுகளைப் பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு குடிசையைக் கட்டுவதில் எத்தனை வேலை இருக்கிறது, அதில் யாருடைய வேலை எவ்வளவு என்பதை அந்த மூன்று வாரங்களில்தான் எண்ணிப்பார்த்தேன். மூங்கில் வாங்கிவருவது, கால் நடுவது, விட்டம் ஏற்றுவது, முகட்டில் ஏறி வேய்வது ஆண்கள் வேலை. எங்களுக்கு அது இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மட்டையைக் கிழித்து ஊறவைப்பது, கீற்று முடைவது, முடைந்ததைக் காயவைத்து அடுக்குவது, வேய்கிறவர் கைக்கு எடுத்துக்கொடுப்பது, களிமண் சுமப்பது, வைக்கோல் கூளம் போட்டு மிதிப்பது, சுவர் வைப்பது, தரை தட்டுவது, மெழுகுவது, அடுப்புப் போடுவது எல்லாம் பெண்கள் செய்தவை. ஆனாலும் ஊரில் "மச்சான் வீடு கட்டிக் குடுத்தாரு" என்றுதான் சொல்கிறார்கள். அம்மாவே அப்படித்தான் சொல்கிறார்.

அம்மாவுக்கு இது முதல் புயல் அல்ல. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு புயல் கரையேறியது. அப்போது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். 560 பேர் இறந்தார்கள், 10 லட்சம் பேர் வீடிழந்தார்கள், 23,000 கால்நடைகள் மாண்டன என்பது வானிலைத் துறையின் பதிவு. மாடுகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. வீடிழந்த 10 லட்சத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற பிரிவு அந்த வரியில் இல்லை.

அந்தப் புயலில் கூரையோடு இன்னொன்றும் போனது. அதைச் சொல்ல இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பாயியும் தாத்தாவும் பண்ணையாட்கள். குடிசை நின்ற மண் மிராசுதாருடையது, சுவருக்கு வெட்டிய களிமண் அவருடையது, கூரைக்கு மட்டை விழுந்த மரமும் அவருடையது. "அடுப்புச் சாம்பல் மட்டுந்தான் நம்மளுது" என்பார் அப்பாயி. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று புயலும் வந்தது. சட்டம் வேலையைப் பற்றிப் பேசியதே தவிர, விழுந்த குடிசையைத் திரும்பப் போட பண்ணையில் போய் மட்டை கேட்டு நின்றது அப்பாயிதான். கேட்கப் போவது பெண்ணின் வேலை. மறுத்தாலும் திட்டினாலும் வாங்கிக்கொள்வதும் அவள் வேலை.

கூலி கேட்டால் குடியிருப்பைக் காலிசெய் என்று சொல்ல முடிந்த காலம் அது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகுதான், 1971இல், குடியிருப்புச் சட்டம் வருகிறது. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று ஒரு மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம். டெல்டாவின் வரலாற்றில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை மாணவிகளுக்கு விளக்க நான் ஒரு முழு வகுப்பை ஒதுக்குவேன். ஆனால் எங்கள் மனையில் 'குடியிருந்தவர்' என்று எழுதப்பட்டது தாத்தாவின் பெயர் ஒன்றுதான்.

அந்தப் பட்டாவைத் தாத்தா எரவாணத்தில் செருகிவைத்திருந்தார். குடிசையில் பூட்டுப்போட்ட பெட்டி ஏது? கருக்கரிவாள், வெற்றிலைப் பை, பிள்ளையின் ஜாதகம், எல்லாவற்றுக்கும் எரவாணம்தான் அலமாரி. 1977இல் கூரை பறந்தபோது பட்டாவும் பறந்தது. வீட்டைப் பத்து நாளில் எழுப்பிவிட்டார்கள். தாளை யாரும் திரும்ப வாங்கவில்லை. குடியிருக்கிறோமே, அது போதாதா என்று இருந்துவிட்டார்கள். 1994இல் தாத்தாவும் 2009இல் அப்பாவும் போனார்கள்.

2018இல் அது போதவில்லை. முழுதும் சேதமான குடிசைக்கு அரசு அறிவித்த நிவாரணம் 10,000 ரூபாய். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற இன்னும் 500, ஆக மரத்துக்கு 1,100. பத்துத் தென்னை விழுந்தால் ஒரு முழு வீட்டைவிட ஆயிரம் ரூபாய் அதிகம். தென்னை வைத்திருந்தவர்களின் இழப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஒரு தலைமுறையின் சேமிப்பே சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஆனால் அந்தத் தோப்புகளில் கீற்று முடைந்து பிழைத்த பெண்களுக்கு எந்தப் பட்டியலிலும் வரி இல்லை. புயலுக்குப் பிறகு சில வாரங்கள் கால் வைத்த இடமெல்லாம் மட்டை. அது தீர்ந்தபின் முடைய மட்டையே இல்லை. புதுக்கன்று காய்க்கவே ஐந்தாறு வருடம் ஆகும்.

10,000 ரூபாய் அம்மாவுக்கு வந்தது. குடும்ப அட்டையில் அவர்தான் தலைவி. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணைத்தான் அட்டைக்குத் தலைவி என்கிறது. கான்கிரீட் வீட்டுக்கு விண்ணப்பிக்கப் போனபோது அலுவலகத்தில் கேட்டது வேறு.

"பட்டா யார் பேர்ல இருக்கு?"

"எங்க மாமனார் பேர்ல."

"அவரை வரச்சொல்லுங்க."

"அவரு செத்து இருபத்தஞ்சு வருசம் ஆவுது சார்."

அரிசிக்குத் தலைவியாக இருக்கும் பெண், மனைக்கு யாருமில்லாதவளாக நின்றார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடற்கரை. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கட்டிய வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்றது அரசு. அதற்கும் முன்பே, 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தொடங்கிய லாஃப்டி இயக்கம், இதே வட்டாரத்தில் நிலத்தை வாங்கி நிலமற்ற பெண்களின் பெயரிலேயே பதிந்துகொடுத்தது. ஆக, இது தெரியாத யோசனையும் இல்லை, செய்ய முடியாத காரியமும் இல்லை.

பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தாத்தாவின் சொத்தில் மகன்களுக்கு இருக்கும் அதே பங்கு மகளுக்கும் உண்டு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். குடியிருக்கும் வீட்டை மட்டும் பாகம் கேட்க மகளுக்கு அதில் தடை இருந்தது. 2005 திருத்தத்தில் அதுவும் போய்விட்டது. சித்தப்பாக்கள் இருவரும் அத்தையின் பெயரைச் சேர்க்காமலே விண்ணப்பம் எழுதியிருந்தார்கள். நான் கேட்டபோது அம்மாவும் தயங்கினார். "அது கட்டிக்குடுத்த பொண்ணு, அதை எதுக்கு இழுக்குற?" என்றார். தன் பெயர் இல்லாததற்காக ஒரு மாதம் அலைந்தவரின் வாயிலிருந்து அது வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். இரண்டு சென்ட் மனை. நாலு பேர் உரிமை கேட்டால் தனக்கு என்ன மிஞ்சும் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தைத் திட்டி ஆவதென்ன?

அத்தை அந்த மூன்று வாரமும் எங்களோடு இருந்து மண் மிதித்தவர். விஷயம் காதில் விழுந்ததும் அம்மாவிடம் வந்தார். "எனக்கு மண்ணு வேணாம் அண்ணி. ஆனா பேரை எழுதுங்க. எழுதிட்டு, வேணாம்னு நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என்னைத்தான் புது மனு எழுதச் சொன்னார். அத்தையின் பெயரை முதலில் எழுதச் சொன்னார், வயதுப்படி பார்த்தால் கடைசியாக வர வேண்டியது.

பெயர் மாறிவர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் அந்தச் சுற்றில் வீடு கொடுத்து முடித்திருந்தார்கள். அடுத்த பட்டியலில் வரும் என்றார்கள். அம்மா கஜா மட்டையில் முடைந்த கூரை இரண்டு மழையைத் தாங்கிவிட்டு ஒழுக ஆரம்பித்தது. மேலே நீலத் தார்பாய் போட்டுக் கட்டியிருக்கிறோம். தகர ஷீட் போட்டுத் தருகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. ஷீட் போட்டால் குடிசைக் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. ஒழுகுகிற வீட்டை ஒழுகுகிறதாகவே காட்டி வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பட்டா நகலை அம்மா பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறார். எரவாணத்தில் கருக்கரிவாள் மட்டும் இருக்கிறது.